50 மடங்கு பெருக்கமும் ஒரு கோணல் அளவுகோலும்

தூரத்துக் குறியைச் சுடும் துப்பாக்கியின் மேல் மாட்டுகிற ஸ்கோப்புகளை ஒப்பிட்டு எழுதுகிறவர்களும் வீடியோவில் பேசுகிறவர்களும் பெரும்பாலும் தப்பான பரீட்சை வைத்து மார்க் போடுகிறார்கள் என்பது என் கட்சி. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது, படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, கண்ணாடி ஜப்பானா சீனாவா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு முதல் பரிசு, இரண்டாம் பரிசு கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சாமான் செய்ய வேண்டிய முக்கியமான வேலையைச் செய்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. இதை நம்பித்தான் வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஓவர்டைம் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.

"ஏன் சார், பென்ஷன் வாங்குகிற வயதில் உங்களுக்கு எதற்குத் துப்பாக்கி விவகாரம்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நான் துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. ஆனால் புதுச்சேரியில் பிறந்தவனுக்கு இது அவ்வளவு அந்நியமான விஷயமும் அல்ல. நம் தெருக்களில் சொல்தா வீடு என்று சொன்னால் இன்றைக்கும் வழி காட்டுவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் இருந்துவிட்டு வந்து, மாதாமாதம் பான்சியோன் வாங்கியவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். என் அக்கா மகனும் அங்கேதான், ஒரு சாமான் கிடங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் துப்பாக்கிச் சங்கத்துக்குப் போய்க் காகிதத்தையும் இரும்புத் தகட்டையும் சுடுவது அவன் பொழுதுபோக்கு. லைசென்ஸ், சங்க உறுப்பினர் அட்டை, பூட்டிய பெட்டி எல்லாம் முறைப்படி உண்டு. விலைப்பட்டியல் வந்தால் எனக்கு அனுப்புவான். "மாமா, நீங்க முப்பது வருஷம் லெட்ஜர் பார்த்த ஆளு. இதுல எது உண்மை, எது பூச்சுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்பான். பள்ளியில் எல்லாப் பாடமும் பிரெஞ்சில் படித்தவன் நான். பட்டியலில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படிப்பதற்குத்தான் அந்தப் படிப்பு இப்போது உதவுகிறது.

முதலில் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் ஸ்கோப்பை லூனெத் என்பார்கள். 'குட்டி நிலா' என்று அர்த்தம். நாம் மூக்கில் மாட்டுகிற கண்ணாடிக்கும் அதே சொல்தான். ஒலிம்பிக்கில் நம் பிள்ளைகள் சுடுகிற ரைஃபிள்களில் இது கிடையாது. 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டரிலும் சரி, 2024-ல் பிரான்சின் ஷாத்தோரூவில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டரிலும் சரி, சின்னத் துளை வழியாகப் பார்த்துத்தான் சுட வேண்டும். பெருக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கு அங்கே அனுமதி இல்லை. ஸ்கோப் வருவது 600, 800, 1000 மீட்டர் என்று போகிற வேறு போட்டிகளில். அதில் எஃப்-கிளாஸ் என்று ஒரு பிரிவு உண்டு. கனடாவின் ஜார்ஜ் ஃபார்குஹார்சன் என்பவரின் பெயரிலுள்ள முதல் எழுத்துதான் அந்த 'எஃப்'. வயதாகிப் பார்வை மங்கியதால் இரும்புக் குறிகாட்டியை வைத்துச் சுட முடியாமல் போனவர்களும் விளையாட்டை விடாமல் இருக்க, ஸ்கோப் மாட்டிப் படுத்துச் சுடலாம் என்று அவர் தொடங்கிவைத்த வழி அது. நம் வயதுக்காரர்களுக்காகவே பிறந்த பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குண்டு நேர்க்கோட்டில் போவதில்லை, போகப் போக விழுகிறது. .308 வின்செஸ்டர் என்கிற சாதாரணத் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டருக்குச் சரி செய்து வைத்த துப்பாக்கியால் 1000 மீட்டரில் சுட வேண்டுமானால் குறியை ஏறக்குறைய 12 மீட்டர் மேலே தூக்க வேண்டும். நாலு மாடிக் கட்டிடத்தின் உயரம்! அந்த அளவுக்குக் கண்ணால் உத்தேசமாகத் தூக்க முடியாது. அதற்காகத்தான் ஸ்கோப்பின் மேல் டரெட் என்ற திருகு இருக்கிறது. திருகினால் 'டிக், டிக்' என்று ஒலி வரும். ஒவ்வொரு டிக்கும் ஒரு அளவு. ஆக, தூரச் சுடுதலில் ஸ்கோப்பின் முதல் வேலை அளப்பது. பெரிதாகக் காட்டுவது இரண்டாம் வேலை. துணிக்கடைக்காரர் வெள்ளிப் பூண் போட்ட கெஜக்கோல் வைத்திருக்கிறார், ஆனால் அது ஒரு விரற்கடை குட்டை என்றால் பூணைப் பாராட்டுவீர்களா?

கணக்கைப் பாருங்கள். ஒரு மில் என்பது ஒரு ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1000 மீட்டரில் ஒரு மில் என்றால் ஒரு மீட்டர். 12 மீட்டர் தூக்க 12 மில், அதாவது 0.1 மில் டிக்கில் 120 டிக். திருகு 2 சதவீதம் பொய் சொன்னால் 0.24 மில் தவறு. 1000 மீட்டரில் அது 24 சென்டிமீட்டர். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தகட்டின் நடுவில் குறி வைத்தால் விளிம்பு 15 சென்டிமீட்டரில் முடிந்துவிடும். சுட்டவன் கை நடுங்கவில்லை, காற்றைச் சரியாகப் படித்தான், தோட்டாவும் நல்ல தோட்டா. இருந்தும் குண்டு வெளியே போகிறது. அவனோ தன்னைத்தான் நொந்துகொள்வான். பொய் சொன்னது பெட்டியின் மேல் தங்க எழுத்தில் பெயர் போட்ட சாமான்!

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். "2 சதவீதம்தானே, ஒரு தடவை அளந்து பார்த்துக் கணக்குப் போடும் செயலியில் திருத்தம் கொடுத்துவிட்டால் போச்சு" என்பார்கள். உண்மைதான். எப்போதும் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிற கடிகாரத்தை வைத்துக்கொண்டு ரயிலைப் பிடித்துவிடலாம். ஒரு நாள் முந்தியும் ஒரு நாள் பிந்தியும் ஓடுகிற கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகையால் நான் கேட்பது அப்பழுக்கில்லாத அளவைக்கூட அல்ல. மேலே போன திருகு கீழே வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வருகிறதா, பத்துத் தடவை போனாலும் பத்துத் தடவையும் அதே இடத்துக்குப் போகிறதா, அதைச் சொல்லுங்கள் போதும். இந்த ஒரு வரியை எத்தனை ஒப்பீட்டில் பார்த்திருக்கிறீர்கள்?

அடுத்தது பெருக்கம். இந்த எண்ணைக் காட்டித்தான் வியாபாரமே நடக்கிறது. முன் கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் கண்ணாடி, 25 மடங்கு என்றால் 2 மில்லிமீட்டர். 56-க்கு 30 மடங்கு என்றால் 1.9-க்கும் குறைவு. 60-க்கு 50 மடங்கு என்றால் 1.2 மில்லிமீட்டர்தான். ஊசிக் காது வழியாக உலகத்தைப் பார்ப்பது போல. தலை கொஞ்சம் அசைந்தால் படம் கறுத்துவிடும். அதற்கு மேல் வெயில். மே மாதத் தார் ரோட்டில் நாம் பார்க்கிற கானல் நீர் துப்பாக்கி மைதானத்திலும் ஓடும். குறியைப் பெருக்கினால் கானலும் சேர்ந்து பெருகும். 50 மடங்கில் தகடு தோசைக்கல்லில் விட்ட வெண்ணெய் மாதிரி உருகி ஓடும். விவரம் தெரிந்தவர்கள் வெயில் ஏற ஏறப் பெருக்கத்தை இறக்கிக்கொண்டே வருவார்கள். இறக்கிவிடப் போகிற எண்ணுக்கு எதற்குக் கூடுதல் பணம்?

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 'முதல் ஐந்து ஸ்கோப்புகள்' என்ற ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்காமலே 50 மடங்கு சாமான் ஒன்றை வாங்கினான். கம்பெனி பெயர் வேண்டாம். நாலு மாத ஓவர்டைம் பணம். கோடையில் 800 மீட்டர் போட்டி. 50-ல் வைத்தால் கானலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. 20-க்கு இறக்கிச் சுட்டான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வேறு தூரத்துக்குத் திருகிவிட்டு மறுபடியும் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்தால் குண்டு வேறு இடத்தில் விழுந்தது. கடைக்காரரிடம் போனால், "நீங்கள்தான் சரியாக மாட்டவில்லை" என்றார். அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

நான் சொன்ன யோசனை எந்தக் குமாஸ்தாவுக்கும் தோன்றக்கூடியதுதான்: எழுத்தில் வை. ஸ்கோப்பை மரவேலை இடுக்கியில் அசையாமல் கட்டு. சரியாக 100 மீட்டரை டேப்பால் அளந்து, சுவரில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் கோடு கீறிய காகிதத்தைத் தொங்கவிடு. கோடு செங்குத்தா என்று கொத்தனார் தூக்குக்குண்டு கட்டிப் பார். 10 மில் திருகினால் குறுக்குக் கோடு மிகச் சரியாக ஒரு மீட்டர் நகர வேண்டும். திரும்ப பூஜ்யத்துக்கு வா. பத்துத் தடவை செய். ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுது, போட்டோ எடு. ஒரு தோட்டாகூடச் செலவில்லை. அவன் எழுதி அனுப்பிய பட்டியலில் பத்தில் நாலு தடவை சாமான் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. அந்தத் தாளைக் கண்ட பிறகு கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் ஏழு வாரம் போய்விட்டது. அந்த வருஷத்துப் போட்டிகளும் போய்விட்டன. அதை எந்த உத்தரவாதமும் திருப்பித் தராது.

ஆகவே ஒப்பீடு எழுதுகிறவர்களுக்கு என் கேள்வி இதுதான். இடுக்கி, டேப், காகிதம் மூன்றும் இல்லாத வீடு உண்டா? ஒரு பிற்பகல் வேலை. அதைச் செய்யாமல் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்து "ஆஹா, என்ன தெளிவு!" என்று சொல்வது எப்படி ஒப்பீடு ஆகும்?

அடுத்தது பெயர்ப் பூச்சு. எச்.டி., யு.எச்.டி. என்று பெட்டியில் போடுகிறார்கள். தொலைக்காட்சியில் எச்.டி. என்றால் இத்தனை கோடு என்று வரையறை உண்டு. ஸ்கோப்பில் அப்படிப் பொது வரையறை எதுவும் இல்லை. அவரவர் இஷ்டம். 'ஜப்பான் கண்ணாடி' என்பதும் அப்படியே. கண்ணாடி ஜப்பானிலிருந்து வரலாம், பூட்டுவது வேறு நாட்டில் இருக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணாடி எங்கே வார்த்தது என்பது திருகின் மரை எப்படிக் கடைந்தது என்பதைச் சொல்லாது. 'ஆயுள் உத்தரவாதம்' என்கிறார்கள். யாருடைய ஆயுள், நம்முடையதா, சாமானுடையதா, கம்பெனியுடையதா? எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும், தபால் செலவு யாருடையது, எத்தனை வாரம் ஆகும் என்று பொடி எழுத்தைப் படியுங்கள். வோர்டெக்ஸ் மாதிரி சில கம்பெனிகள் ரசீதுகூடக் கேட்காமல் ரிப்பேர் செய்து தருகின்றன. பட்டியலில் அதற்குத் தனி மார்க் உண்டா என்று பாருங்கள். இருக்காது.

பிறகு மில்லா, மினிட்டா என்ற சண்டை. இதில் நான் பாரபட்சம் உள்ளவன். பிரெஞ்சுப் பள்ளியில் மீட்டரைத் தாய்ப்பால் மாதிரி ஊட்டி வளர்த்தவர்கள். 1795-ல் பிரான்ஸ் மீட்டரைச் சட்டமாக்கியது. நம் நாட்டில் 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது, அணாவை விட மனமில்லாமல் எத்தனை பேர் முனகினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பத்தே வருஷத்தில் அணாக் கணக்கு யாருக்கும் நினைவில்லை. மில்லும் அப்படித்தான். 0.1 மில் டிக் 100 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர், 500-ல் 5, 1000-ல் 10. பள்ளிப் பையன் மனக்கணக்கு. மினிட் என்பது டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 100 கெஜத்தில் 1.047 அங்குலம். இந்த 0.047-ஐ விழுங்கிவிட்டு ஒரு மினிட் என்றால் ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். 1000 கெஜத்தில் 40 மினிட் திருகினால் அந்த விழுங்கல் கிட்டத்தட்ட 19 அங்குலம் ஆகிவிடும்! மினிட் கெட்டது என்று சொல்ல மாட்டேன். 1/8 மினிட் டிக் உள்ள சாமான் 0.1 மில்லைவிட நுணுக்கம். ஆனால் ஸ்கோப்புக்குள் தெரியும் கோடு மில்லில், வெளியே திருகு மினிட்டில் என்று கலந்து விற்கிறார்கள் பாருங்கள், அதை மட்டும் வாங்கவே கூடாது. ரசீது ரூபாயில், கல்லா டாலரில் என்றால் கடை நடக்குமா?

இப்போது நடுத்தர விலைச் சரக்குகளைப் பார்ப்போம். ஏறக்குறைய 500-லிருந்து 1500 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வோர்டெக்ஸ் வைப்பர் பி.எஸ்.டி. இரண்டாம் தலைமுறை 5-25×50, குழாய் 30 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் ஸ்ட்ரைக் ஈகிள் 5-25×56, ஆர்கன் ஈ.பி.5 5-25×56, அத்லான் ஏரெஸ் ஈ.டி.ஆர். 4.5-30×56 மூன்றுக்கும் குழாய் 34 மில்லிமீட்டர். சைட்ரான் எஸ்-3 10-50×60, குழாய் 30. இவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி மார்க் போடுவது மாட்டு வண்டியையும் ஆட்டோவையும் ஒரே பந்தயத்தில் விடுவது போல. முதல் நாலிலும் பெருக்கத்தை மாற்ற மாற்ற உள்ளே தெரியும் அளவுக்கோடும் சேர்ந்து வளரும், சுருங்கும். எந்தப் பெருக்கத்திலும் கோட்டின் அளவு உண்மையாக இருக்கும். முதல் குவியத்தளம் என்பது இதுதான். சைட்ரான் இரண்டாம் குவியத்தளம். கோடு மாறாது, மெல்லியதாகவே நிற்கும், ஆனால் அளவு ஒரே ஒரு பெருக்கத்தில்தான் பொருந்தும்.

எது உயர்வு என்று கேட்பது வீண். எந்தப் போட்டி என்று கேளுங்கள். எஃப்-கிளாஸில் தூரம் முன்கூட்டியே தெரியும். மதிப்பெண் சேராத சோதனைக் குண்டுகளும் உண்டு. ஒரு தடவை திருகிவிட்டு அப்படியே படுத்திருக்கலாம். 1000 கெஜத்தில் பத்து மதிப்பெண் வட்டம் 10 அங்குலம், அதற்குள் இருக்கும் எக்ஸ் வட்டம் 5 அங்குலம். அந்த 5 அங்குலத்துக்குள் குறி வைக்க மெல்லிய கோடும் கூடுதல் பெருக்கமும் நியாயமான தேவைகள். சைட்ரான் போன்றவை அங்கே பேர் வாங்கியது காரணமில்லாமல் அல்ல. ஆனால் 300, 650, 900 மீட்டர் என்று வரிசையாகத் தகடு வைத்து, நிமிடக் கணக்கில் சுடச் சொல்கிற போட்டியில் திருகு ஓயாமல் சுழலும். முதல் குண்டே கணக்கு. அங்கே 25 மடங்கு தாராளம், முதல் குவியத்தளம் அவசியம், திருகு நாணயமாக இருப்பது எல்லாவற்றையும்விட அவசியம்.

குழாய் தடிமனுக்கும் காரணம் உண்டு. உள்ளே திருகு நகர இடம் வேண்டும். மொத்தம் 20 மில் ஓடுகிற ஸ்கோப்பை நடுவில் வைத்து மாட்டினால் மேலே 10 மில்தான் மிச்சம். 12 வேண்டுமென்றால் முட்டிக்கொள்ளும். அதற்காகப் புதிய ஸ்கோப் வாங்க ஓடாதீர்கள். 20 மினிட் சாய்வுள்ள அடித்தளம் என்று ஒரு இரும்புப் பட்டை கிடைக்கும். அது கிட்டத்தட்ட 6 மில் கூடுதலாகக் கொடுக்கும். விலை ஸ்கோப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதேபோல வளையங்களும் ஒரு சின்ன ரசமட்டமும். துப்பாக்கி ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் 12 மீட்டர் தூக்கலில் குண்டு 20 சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போகும். ஆயிரம் யூரோ ஸ்கோப்பை மட்டமான வளையத்தில் மாட்டுவது தேக்குக் கதவுக்குத் தகரக் கீல் போடுவது போல.

"இவ்வளவு பேச்சு எதற்கு? காசு இருந்தால் ஜெர்மன் சாமான் வாங்கு, இல்லாவிட்டால் சும்மா இரு" என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுகிற வாதம். மூன்று மடங்கு, நான்கு மடங்கு விலை கொடுத்தால் நல்ல சாமான் கிடைக்கும் என்று சொல்ல அறிவு எதற்கு? நடுத்தர விலையில்தான் ஒப்பீடே தேவைப்படுகிறது. அங்கேதான் நல்லதும் கெட்டதும் ஒரே பெட்டி போட்டு வருகின்றன. ஒரே மாடலில்கூட ஒன்று நாணயமாக இருக்கும், இன்னொன்று ஏமாற்றும். ஆகவே இடுக்கிச் சோதனையை வாங்கிய வாரத்திலேயே, திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.

ஸ்கோப் வாங்குகிற பேரனோ மருமகனோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வரிசையைச் சொல்லுங்கள். முதலில் எந்தப் போட்டி. இரண்டாவது, திருகு பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா. மூன்றாவது, கோடும் திருகும் ஒரே அளவையா. நாலாவது, ரிப்பேர் யார் செய்வார், எங்கே. ஐந்தாவது கண்ணாடித் தெளிவு. கடைசியாகப் பெருக்கம். கடைக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாகத்தான் சொல்வார். அவர் விற்க வந்தவர், அது அவர் தொழில். ஒப்பீடு எழுதுகிறவர் யாருக்காக எழுதுகிறார் என்பதை, அவர் எந்த முனையிலிருந்து ஆரம்பிக்கிறார் என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஸ்கோப் வாங்குகிறவர் வீட்டில் யாரும் இல்லையா? பரவாயில்லை. அடுத்த தடவை ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினோ சர்க்கரை பார்க்கிற மெஷினோ வாங்கப் போகும்போது, திரை எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன்னால், ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை வைத்தால் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் பதில் சொல்லும்.